ஒரு குழிக்கு எத்தனை சதுர அடி?

முனைவர் பட்டம் உறுதியான செய்தி வந்த மறுநாள், வழக்கப்படி அலுவலகத்தில் எல்லோருக்கும் பாதுஷாவும் மிக்சரும் கொடுத்தேன். வரைவுப் பிரிவில் பணிபுரியும் மூத்தவர் ஒருவர், பாதுஷாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே, "கரஸ்லயா மேடம் பண்ணீங்க?" என்று கேட்டார். அவர் குரலில் ஏளனம் எதுவும் இல்லை. வேலையையும் வீட்டையும் விடாமல் ஒருவர் ஒரு பட்டத்தை வாங்கினால் அது அஞ்சல் வழியில் வந்ததாகத்தான் இருக்கும் என்பது நம் ஊரில் எல்லோரும் போடும் கணக்கு. ஆனால் நானோ, "இல்ல சார், பார்ட் டைம், ரெகுலர் யுனிவர்சிட்டி" என்று அவர் கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் சொல்லிவிட்டேன். அந்த அவசரம் என்னை இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் சொன்னது சான்றிதழின்படி முழு உண்மை. ஆனால் அந்த ஆறு ஆண்டுகளை நான் வாழ்ந்த விதத்தை வைத்துப் பார்த்தால், அவர் கேட்டதில்தான் உண்மை கூடுதலாக இருந்தது.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் பணிபுரியும் நீர்வளத் துறைப் பொறியாளர். கட்டடப் பொறியியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். வரலாற்றில் முதுகலைப் பட்டத்தை அஞ்சல் வழியில்தான் படித்தேன். பழுப்புத்தாள் உறையில் வந்து சேரும் பாடப் புத்தகங்கள், ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு பள்ளியில் குழந்தைகளுக்கான பெஞ்சில் முழங்கால் இடிக்க அமர்ந்து கேட்கும் தொடர்பு வகுப்புகள் என்று அந்த இரண்டு ஆண்டுகள் மகிழ்ச்சியாகவே கழிந்தன. அதனால் முனைவர் பட்டத்தையும் அப்படியே படித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். விசாரித்தபோதுதான், அந்தக் கதவு 2009-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகளிலேயே சாத்தப்பட்டுவிட்டது என்று தெரிந்தது. தொலைநிலைக் கல்வி முறையில் எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டம் நடத்தக் கூடாது; பகுதிநேரமாகச் செய்யலாம். 2016-இல் வந்த விதிமுறைகளும், பிறகு 2022-இல் வந்தவையும் இந்தக் கோட்டை அழிக்கவில்லை. 2019-இல், வரலாற்றுத் துறையின்கீழ், இங்கிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில் சென்னையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேர ஆய்வாளராகப் பதிவு செய்துகொண்டேன். கல்வெட்டுகளில் வரும் நீர்ப்பாசனச் செய்திகளை இன்றைய கண்மாய்களின் நீரியல் கணக்கோடு பொருத்திப் பார்ப்பதே என் ஆய்வு.

பகுதிநேரம் என்ற சொல்லுக்கு விதிமுறையில் என்ன பொருள் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். பாடநெறித் தேர்வுகளை எழுத வேண்டும். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வுக் குழுவின் முன் நின்று இதுவரை என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். மற்றபடி இரவுகளும் ஞாயிற்றுக்கிழமைகளும் நம்முடையவை. ஆறு ஆண்டுகளில் நான் அந்த வளாகத்தில் இருந்த நாட்களை ஒருமுறை பேருந்துச் சீட்டுகளை வைத்து எண்ணிப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு நாட்கள். இதைத் தொலைநிலை என்று சொல்லாமல் வேறு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்காக விதி தவறு என்று சொல்லிவிடவும் மனம் வரவில்லை. என் கைப்பேசிக்கு வாரம் ஒரு விளம்பரம் வருகிறது: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பட்டம், முழுக்க இணையவழி, வீட்டிலிருந்தபடியே முனைவர் ஆகலாம். இப்படிப்பட்ட இணையவழி முனைவர் பட்டங்கள் செல்லாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் சேர்ந்து 2022 அக்டோபரில் அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. விலைக்கு வாங்கிய பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு மேடையேறுபவர்களைப் பார்த்த பிறகு, கதவைச் சாத்தியவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கும் குறை வேறு. அதைச் சொல்வதற்கு என் மூன்றாம் இயலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு நெறியாளர்கள்

துறைகளை இணைக்கும் ஆய்வு என்றால் இரண்டு நெறியாளர்கள் இருப்பார்கள். என் முதன்மை நெறியாளர் கல்வெட்டறிஞர். ஓய்வுக்கு மிக நெருங்கியிருந்தவர். அவரை எல்லோரும் ஐயா என்றுதான் அழைப்போம். இணை நெறியாளர் திருச்சியில் ஒரு பொறியியல் கல்லூரியில் நீரியல் பேராசிரியர், அவர் சார். ஐயா என் இயல்களை அச்செடுத்து, சிவப்பு மையில் திருத்தி, ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புவார். சில பக்கங்களில் அவருடைய காபித் தம்ளரின் வட்டமும் சேர்ந்து வரும். சார் கோப்பிலேயே திருத்தங்களை அடையாளமிட்டு மின்னஞ்சலில் அனுப்புவார். இருவருமே உழைப்புக்கு அஞ்சாதவர்கள், என் மீது அக்கறை கொண்டவர்கள். ஆனால் 2023 பிப்ரவரி வரை அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

பதிவுப் படிவத்தில் 'துறை' என்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. 2020-இல் தேசியக் கல்விக் கொள்கை வந்த பிறகு 'பல்துறை' என்ற சொல் இல்லாத சுற்றறிக்கையே இல்லை என்றாகிவிட்டது, என்றாலும் கட்டம் ஒன்றுதான். அதில் வரலாறு என்று எழுதினேன். அந்தக் கட்டத்தின் விளைவு நுட்பமானது. வரலாற்றைப் பற்றி எழுதிய பக்கங்கள் ஐயாவுக்கு, கணக்குப் போட்ட பக்கங்கள் சாருக்கு என்று நானே பிரித்து அனுப்பத் தொடங்கினேன். அவர்கள் கேட்டு அல்ல, அவர்களுடைய நேரத்தை வீணாக்கக் கூடாதே என்ற மரியாதையால்.

பாடநெறிக்காகச் சென்னையில் தங்கியிருந்த நாட்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வு நெறிமுறை வகுப்புகளில் மேற்கோள் காட்டும் முறையைப் பற்றிப் பேசியதில் பாதியை மறந்துவிட்டேன். ஆனால் ஒரு பிற்பகல் நினைவிருக்கிறது. ஐயா ஒரு பழைய மைப்படியை நீளமான மேசையில் விரித்து, கல்லின் மேல் ஈரத்தாளை வைத்துத் தூரிகையால் தட்டி மை ஒற்றி எடுத்த அந்தக் காகிதத்தில், எது எழுத்து, எது கல்லின் பொளி என்று விரல் நுனியால் காட்டிக்கொண்டே போனார். "அச்சுப் புத்தகத்துல புள்ளி புள்ளியா வந்தா அங்க எழுத்து இல்லன்னு அர்த்தம் இல்லம்மா. படிச்சவருக்கு அங்க எழுத்து கிடைக்கலன்னு அர்த்தம்" என்றார். அந்த வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. எந்தத் தொலைநிலையை விதி தடுத்ததோ அது ஒரே வாரத்தில் நாடு முழுவதற்கும் நடைமுறையானது. ஆய்வுக் குழுக் கூட்டங்கள் திரையில் நடந்தன. ஐயா ஒரு கட்டத்தில், சார் இன்னொரு கட்டத்தில், நான் வீட்டின் சாமி அறையில்; அங்குதான் சமிக்ஞை கிடைக்கும். ஐயா கல்வெட்டுச் சொற்களைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்பார், சார் தம் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் காத்திருப்பார். பிறகு சார் கொள்ளளவுக் கணக்கைப் பற்றிக் கேட்பார், ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். நாற்பது நிமிடங்களில் 'முன்னேற்றம் திருப்திகரம்' என்று பதிவாகும்.

ஒருமுறை, தொலைவிலிருந்தே படிப்பவளாக இருக்கிறேனே என்று நான் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டபோது, ஐயா சுவாமி விபுலாநந்தரைப் பற்றிச் சொன்னார். இலங்கையில் அன்று பல்கலைக்கழகம் கிடையாது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிநிலை மாணவர்களுக்குத் தேர்வு நடத்திவந்தது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் படித்த பலர் கப்பலேறாமலேயே அந்தத் தேர்வை எழுதினார்கள். விபுலாநந்தரும் 1920-இல் அப்படித்தான் லண்டன் அறிவியல் பட்டம் பெற்றார், அதற்கு முன்பே மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்விலும் தேறியிருந்தார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இயற்பியலும் கணிதமும் தமிழும் ஒரே தலைக்குள் இருந்ததால்தான், மறைந்துபோன யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு யாழ் நூலை அவரால் எழுத முடிந்தது. "தூரம் ஒரு தடையே இல்லம்மா" என்றார் ஐயா. அன்று எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அந்த நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அறிஞர் அவையின் முன் அரங்கேறியது என்பதைப் பற்றி அன்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

198 ஏக்கர்

மூன்றாம் இயல் ஒரே ஒரு கண்மாயைப் பற்றியது. பெயர் வேண்டாம், ஊர்க்காரர்கள் என்னை இன்றும் அன்பாக நடத்துகிறார்கள். அதன் இன்றைய ஆயக்கட்டு, அதாவது அதன் நீர் பாயும் நிலம், 103 ஏக்கர். நூறு ஏக்கரை, அதாவது 40 ஹெக்டேரை ஒட்டிய எல்லையை மயிரிழையில் தாண்டியதால் ஊராட்சி ஒன்றியத்துக்குப் போகாமல் எங்கள் துறையின் பொறுப்பில் இருக்கும் கண்மாய் அது. கரையோரத்துச் சிவன் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, அந்தக் கண்மாய் நீர் பாயும் நிலத்தின் மொத்த அளவைக் குழிக் கணக்கில் தருகிறது. சில்லறையை விட்டுவிட்டால் 60,000 குழி.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவள். குழி என்றால் என் காதில் விழுவது தாத்தாவின் குரல்தான். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பள்ளியில் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்பே களத்துமேட்டில் உட்கார்ந்து நான் படித்த வாய்ப்பாடு அது. ஒரு குழி 144 சதுர அடி என்பது, என் பெயரை எனக்குத் தெரிந்திருப்பது போலத் தெரிந்த விஷயம். அறுபதாயிரத்தை 144-ஆல் பெருக்கி 43,560-ஆல் வகுத்தேன். 198 ஏக்கர் வந்தது.

இன்று 103, அன்று 198. மீதி 95 ஏக்கருக்கான நீர் எங்கே போயிற்று? நெல்லுக்கு ஏக்கருக்கு நான்கு அடி ஆழ நீர் என்ற குத்துமதிப்பில், ஒரு மில்லியன் கன அடி ஏறத்தாழ ஆறு ஏக்கருக்குப் போதும். 198 ஏக்கருக்கு 33 மில்லியன் கன அடி வேண்டும். இன்றைய கொள்ளளவோ 18 மில்லியன் கன அடி. ஆக, எண்ணூறு ஆண்டுகளில் 15 மில்லியன் கன அடி வண்டலாக மாறியிருக்கிறது என்று எழுதினேன். கண்மாயின் நீர்ப்பரப்பு 80 ஏக்கர், அப்படியானால் சராசரியாக நான்கு அடிக்கு மேல் மண் மேவியிருக்க வேண்டும் என்றும் எழுதினேன். ஆண்டுக்கு எவ்வளவு வண்டல் என்று ஒரு வீதமும் கண்டுபிடித்தேன். அழகான வரைபடம் ஒன்று போட்டேன். அந்த இயலை எழுதிய இரவுகளில் எனக்கு இருந்த பெருமிதத்தை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது; ஆனால் அந்தப் பெருமிதம் பொய்யில்லை. கல்லில் இருந்த ஒரு எண்ணைக் கொண்டு மண்ணுக்கடியில் இருப்பதைச் சொல்லிவிட்டதாக நான் உண்மையிலேயே நம்பினேன்.

ஐயா அந்த இயலைப் படித்தார். கல்வெட்டு வாசகத்தில் இரண்டு சந்திப் பிழைகளைத் திருத்தினார், ஒரு வரிச்சொல்லுக்கு விளக்கம் சேர்க்கச் சொன்னார். குழியிலிருந்து ஏக்கருக்குப் போன வரியின் ஓரத்தில் 'நன்று' என்று எழுதியிருந்தார். சார் அதே இயலைப் படித்தார். வண்டல் வீதத்தின் பிழை எல்லையைக் கணக்கிடச் சொன்னார், அலகுகளை ஒரே சீராக்கச் சொன்னார். 144 என்ற எண்ணை அவர் தொடவில்லை. அது கல்வெட்டிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். அது பொறியாளர் வழக்கில் உள்ள மாற்று எண் என்று ஐயா நினைத்தார். நீரியல் கருத்தரங்கு ஒன்றில் அதைக் கட்டுரையாக வாசித்தேன், கைதட்டினார்கள், தொகுப்பில் அச்சிட்டார்கள். அதைப் பரிசீலித்தவரும் கணக்கைத்தான் பார்த்திருப்பார், கணக்கில் பிழையில்லை. ஆய்வுக் குழுவில் திருப்திகரம் என்று பதிவானது. மூன்று ஆண்டுகள் எத்தனையோ கண்கள் பட்ட பக்கத்தில், தவறு இருந்த அந்த ஒரே இடம் மட்டும் யாருடைய பார்வையிலும் விழவில்லை, ஏனென்றால் அது யாருடைய இடமாகவும் இல்லை.

கண்மாயின் உள்வாயில்

2023 பிப்ரவரியில் ஐயா புதுக்கோட்டைக்கு ஒரு திருமணத்துக்கு வந்தார். ஆய்வுக்காக அல்ல, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்களே, என் கண்மாயைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று கேட்டேன். திருச்சி ஒன்றரை மணி நேரப் பயணம்தானே என்று சாரையும் அழைத்தேன். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, கரையின் மேல், என் இரண்டு நெறியாளர்களும் முதன்முறையாகக் கைகுலுக்கிக்கொண்டார்கள். "படத்துல பாத்ததவிட உயரமா இருக்கீங்க" என்று ஐயா சாரிடம் சொன்னார்.

அந்த ஆண்டு ஊர்க்காரர்கள் உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பகுதியில், மண்டியிருந்த சீமைக்கருவேல மரங்களை வெட்டி எடுத்திருந்தார்கள். அதுவரை தூரத்திலிருந்து பார்த்தால் கருவேலங்காட்டுக்கு மேல் இரண்டு கல்தூண்களின் தலை மட்டும் தெரியும். குமிழித் தூம்பு, கண்மாய் நீரை வெளியே விடும் பழங்கால மதகு. பணிக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தத் தலைகளைப் பார்த்திருக்கிறேன், ஆய்வேட்டில் அதன் படமும் போட்டிருக்கிறேன், முள்ளுக்குள் புகுந்து அடியைப் பார்த்ததில்லை. அன்று காய்ந்த தரையில் நேராக நடந்து போனோம். தூண்களுக்கு நடுவே கல்தொட்டி முழுசாகத் தெரிந்தது. நீர் இறங்கும் நீரோடித் துளை மேலே; சேற்றோடு கலங்கிய நீர் வெளியேறுவதற்கான சேறோடித் துளைகள் கீழே, தரையை ஒட்டி. தொட்டியைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு மண் ஏறியிருந்தது. அவ்வளவுதான்.

சார் குந்தி உட்கார்ந்து ஒரு குச்சியால் அந்த மண்ணைக் கிளறினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நாலு அடி வண்டல் எங்கம்மா?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. நான்கு அடி மண் மேவியிருந்தால் அந்தத் தொட்டியே புதைந்திருக்க வேண்டும். வண்டலைத் தள்ளுவதற்கென்றே துளை வைத்துக் கட்டியவர்களின் கண்மாயைப் பற்றி, அந்தத் துளையைப் பார்க்காமலேயே, வண்டல் வீதம் எழுதியிருக்கிறேன். பொறியாளர் என்ற முறையில் என் வேலையே கண்மாய்களைப் பார்ப்பதுதான். பகலில் பார்ப்பவள் ஒருத்தியாகவும் இரவில் எழுதுபவள் வேறொருத்தியாகவும் நான் ஆகியிருந்தேன் என்பது அந்தத் தொட்டியின் அருகில் நின்றபோதுதான் உறைத்தது. இதற்கு எந்த விதிமுறையையும் குற்றம் சொல்ல முடியாது.

ஐயா அதுவரை தூணின் பக்கவாட்டில் எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சார் கேட்டது அவர் காதில் விழுந்தது. "எவ்வளவு நிலத்துக்குத் தண்ணினு கணக்கு எடுத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அறுபதாயிரம் குழி சரி. எந்தக் கோல்ல அளந்த குழி?" என்றார்.

ஒரு கணம் எனக்குக் கேள்வியே புரியவில்லை. தாத்தாவின் கோல் என்று சொல்ல முடியாது. குழி என்பது ஒரு கோலுக்கு ஒரு கோல் சதுரம், அவ்வளவுதான். கோல் மாறினால் குழி மாறும். பன்னிரு சாண் கோல் உண்டு, பதினாறு சாண் கோல் உண்டு. உலகளந்த கோல், மாளிகைக் கோல், சுந்தரபாண்டியன் கோல் என்று பெயர் பெற்ற கோல்கள் உண்டு. இவற்றை எல்லாம் நான் படித்திருக்கிறேன், முதல் இயலில் ஒரு பத்தியே எழுதியிருக்கிறேன். என் கண்மாயின் கல்வெட்டு அச்சான பக்கத்தில், 'கோலால்' என்ற சொல்லுக்கு முன்னால் வரிசையாகப் புள்ளிகள் இருந்தன. படித்தவருக்கு அங்கே எழுத்து கிடைக்கவில்லை. அந்தப் புள்ளிகளின் மேல் நான் தஞ்சாவூரைக் கொண்டுவந்து வைத்திருந்தேன்.

"நான் பொறியாளர் கணக்குன்னு விட்டுட்டேன்" என்றார் ஐயா. "நான் கல்வெட்டுல இருக்குன்னு விட்டுட்டேன் சார்" என்றார் இணை நெறியாளர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அந்த ஐந்து வினாடிகளில் என் மூன்றாம் இயல் போயிற்று.

என் குறை இதுதான். வளாகத்தில் ஆய்வாளர் எத்தனை நாள் இருந்தார் என்று விதி எண்ணுகிறது. எத்தனை பாடம் படித்தார், எத்தனை கூட்டத்தில் நின்றார் என்று எண்ணுகிறது. ஆனால் துறைகளை இணைக்கும் ஆய்வில், இரண்டு நெறியாளர்களும் ஆய்வாளரும் ஒரே பொருளைச் சுற்றி ஒருமுறையாவது நின்றார்களா என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை. ஒரே துறைக்குள் செய்யும் ஆய்வை நல்ல நூலகமும் பொறுமையான நெறியாளரும் இருந்தால் வெகு தூரத்திலிருந்தே முடித்துவிடலாம் என்று இப்போதும் நம்புகிறேன். அங்கே பிழை விட்டால் அந்தத் துறைக்காரர் கண்ணில் பட்டே தீரும். இரண்டு துறைகளுக்கு நடுவில் விழும் பிழையோ, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வரியைப் பார்த்து ஒருவர் மற்றவரிடம் "இது உங்களுடையதா, என்னுடையதா?" என்று கேட்டால் ஒழிய அகப்படாது. திரையில் இருவரும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் அங்கே முறை வைத்துப் பேசினார்கள். உள்வாயில் யாரும் முறை வைக்கவில்லை. சார் மண்ணைக் கிளறிக் கேட்டது ஐயாவின் காதில் தற்செயலாக விழுந்தது. வளாகத்திலேயே முழுநேரம் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்றும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டடங்கள், இரண்டு துறைத் தலைவர்கள், இரண்டு தேநீர் நேரங்கள். நடந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அந்த இயலைத் திரும்ப எழுத எட்டு மாதம் ஆயிற்று. கருத்தரங்கத் தொகுப்பின் பதிப்பாசிரியருக்குத் திருத்தக் குறிப்பு எழுதி அனுப்பினேன். அந்த ஒரு பக்கக் கடிதத்தை எழுதத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. ஆறு ஆண்டுக் கெடு முடியும் தறுவாயில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் மூன்றாம் இயலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை, அதில் எனக்குச் சிறிய ஏமாற்றமும் உண்டு. வரைவுப் பிரிவு மூத்தவரிடம் பிறகு ஒருநாள், "பாதி கரஸ்தான் சார்" என்று சொன்னேன். "அப்ப மீதி?" என்று கேட்டார். ஒரு சனிக்கிழமை என்று சொன்னேன், அவருக்குப் புரியவில்லை.

அந்தச் சனிக்கிழமையின் மீதிக் கதை கோயிலில் நடந்தது. கல்வெட்டில் அழிந்திருந்தால் என்ன, கோல் கோயிலிலேயே இருக்கும் என்றார் ஐயா. நிலம் அளந்த கோலின் நீளத்தைப் பலரும் பார்க்கும்படி கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் வெட்டி வைப்பது அக்காலத்து வழக்கம். வெயில் ஏறிய பிறகு, தெற்குப் பக்கத்துப் பட்டிகையில் சுண்ணாம்பு அப்பியிருந்த இடத்தை அவர் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனார். ஒரு கூட்டல் குறி தெரிந்தது. பல அடிகள் தள்ளி, இன்னொரு கூட்டல் குறி. சார் பையிலிருந்து டேப்பை எடுத்து, வளையத்தை ஐயாவிடம் கொடுத்து, முதல் குறியில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். தாமே இழுத்துக்கொண்டு இரண்டாவது குறிவரை போனார். நான் நடுவில் டேப் தொய்யாமல் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேன்.

இரண்டு மீட்டர் எழுபத்தொரு சென்டிமீட்டர்.

அங்கேயே கைப்பேசியில் கணக்குப் போட்டேன். 109 ஏக்கர் வந்தது. இன்றைய ஆயக்கட்டோடு ஆறு ஏக்கர்தான் வித்தியாசம். கரையடியில் இருக்கும் குடியிருப்பும் தார்ச்சாலையும் அதற்குப் போதும். எண்ணூறு ஆண்டுகளாக அந்தக் கண்மாய் தன் வேலையை ஏறக்குறைய அப்படியே செய்துவந்திருக்கிறது.

"பன்னிரு சாண். ஒன்பது அடிக் கோல்" என்றார் சார். ஒன்பது அடிக்கு மூன்று சென்டிமீட்டர் குறைகிறதே என்றேன். கல் தேய்ந்திருக்கும், குறியின் நடுவில் அளக்காமல் ஓரத்தில் அளந்துவிட்டோம், ஒன்பது அடி என்றே எழுதிக்கொள்ளுங்கள் என்றார் அவர். ஐயா ஒப்பவில்லை. வெள்ளைக்காரன் அடியைக் கொண்டுவந்து பாண்டியன் சாணைத் திருத்தாதீர்கள், இந்த ஊரில் சாண் என்றால் இந்தக் கல் சொல்வதுதான் என்றார். மூன்று சென்டிமீட்டருக்கு அறுபதாயிரம் குழியில் ஏறத்தாழ மூன்று ஏக்கர் வருமே என்றார் சார். வரட்டுமே என்றார் ஐயா. மறுபடி அளந்தார்கள், முனைகளை மாற்றிக்கொண்டு. இம்முறை சார் வளையத்தைப் பிடித்துக்கொள்ள, ஐயா மறுமுனையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்தார். இரண்டு மீட்டர் எழுபத்திரண்டு வந்தது. திருச்சிப் பேருந்து வந்து ஒலியெழுப்பும்வரை அந்த ஒரு சென்டிமீட்டரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.